பொங்கலில் கிடந்த திருகாணி: இழப்பீடு கேட்க என்ன வழி?

கேள்வி: மூன்று வாரங்களுக்கு முன் மும்பை மாட்டுங்காவில் ஓர் உணவகத்தில் குடும்பத்தோடு சாப்பிட்டோம். அம்மாவின் வெண்பொங்கலில் சிறு திருகாணி ஒன்று கிடந்து, அதைக் கடித்ததில் கடைவாய்ப் பல்லின் ஓரம் உடைந்துவிட்டது. மேலாளர் மன்னிப்புக் கேட்டுத் தட்டை எடுத்துச் சென்றார். பொங்கலின் விலையை நீக்கிப் பில் கொடுத்தார். திருகாணி, இரண்டு புகைப்படங்கள், யுபிஐ மூலம் நான் பணம் கட்டிய பதிவு ஆகியவை கைவசம் உள்ளன. உணவைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. இனி வழக்குத் தொடர முடியுமா?
— வாசகர், செம்பூர்

பதில்: தாராளமாக முடியும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 69-வது பிரிவு இதற்கு இரண்டு ஆண்டு அவகாசம் தருகிறது. பரிசோதனை குறித்த கவலையும் வேண்டாம். பரிசோதனை இல்லாமல் குறையைக் கண்டறிய முடியாது என்ற நிலையில்தான் நுகர்வோர் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 38-வது பிரிவு கூறுகிறது. கலப்படம், கெட்டுப்போன உணவு போன்றவற்றுக்கு அது தேவை. திருகாணி கண்ணுக்கே தெரிகிறது. சிறு கல் என்றால், பருப்போடு வந்தது என்று உணவகம் வாதாடிப் பார்க்கலாம். திருகாணிக்கு அந்தச் சமாதானம் எடுபடாது.

உண்மையான சிக்கல், அந்தத் திருகாணி அந்தத் தட்டில்தான் இருந்தது என்று நிரூபிப்பதில் இருக்கிறது. மேலாளர் நல்லெண்ணத்தோடு விலையைக் கழித்திருக்கலாம். ஆனால் அதன் விளைவாக, உங்கள் அம்மா பொங்கல் சாப்பிட்டார் என்பதற்கான எழுத்துச் சான்று பில்லில் இல்லாமல் போய்விட்டது. இப்படி நேரும்போது, முழு விலைக்கும் பில் வாங்கிக்கொண்டு, தள்ளுபடியைத் தனியே எழுதித் தரச் சொல்வதே நல்லது. இப்போது உங்களுக்குக் கைகொடுக்கக்கூடியவை இரண்டு: பரிமாறுபவர் சமையலறைக்கு அனுப்பிய ஆர்டர் சீட்டான கே.ஓ.டி., அடுத்தது சிசிடிவி பதிவு. முன்னது அவர்களுடைய கணினியில் பெரும்பாலும் இருக்கும். பின்னது சில வாரங்களில் அழிந்து, அதன்மேல் புதிய பதிவு ஏறிவிடும் என்பதால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். நடந்த தேதி, நேரம், மேசை, சாப்பிட்டவை அனைத்தையும் குறிப்பிட்டு, இவ்விரண்டையும் அழிக்காமல் வைத்திருக்கும்படி பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். நோட்டீஸ் சட்டப்படி கட்டாயமில்லை. ஆனாலும், கேட்ட பிறகும் அவற்றைக் காணோம் என்று உணவகம் சொன்னால், அது உங்களுக்கே சாதகமாகும். ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லி உத்தரவிட ஆணையத்துக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் இருக்கிறது.

திருகாணியைக் கழுவாமல் ஒரு காகித உறையில் போட்டு ஒட்டி, தேதி எழுதி, அன்று மேசையில் இருந்த இருவர் ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்திடுங்கள். புகைப்படம் எடுத்த கைபேசியை மாற்றவோ விற்கவோ வேண்டாம். சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63-வது பிரிவின்படி, புகைப்படம் போன்ற மின்னணுச் சான்றோடு ஒரு சான்றிதழ் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும்.

பல் மருத்துவரின் குறிப்பு இன்னும் முக்கியமானது. அதில் வெறும் "பல்வலி" என்று இருந்தால் பயனில்லை. எந்தப் பல், எவ்வளவு உடைந்திருக்கிறது, கடினமான பொருளைக் கடித்ததால் இது நேரக்கூடியதா என்பவற்றை எக்ஸ்ரேயோடு எழுதித் தரும்படி கேளுங்கள். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-வது பிரிவு, பல் முறிவதையும் கொடுங்காய வகைகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 65-வது பிரிவு, கொடுங்காயத்துக்கு 3 லட்சம் ரூபாய் வரையிலும் மற்றக் காயங்களுக்கு 1 லட்சம் வரையிலும் இழப்பீடு வழங்க இடமளிக்கிறது. இந்த வேறுபாட்டால் மருத்துவர் எழுதும் "முறிவு" என்ற ஒரு சொல்லுக்குப் பெரிய மதிப்பு உண்டு.

அந்தச் சட்டத்தின் கீழ் மகாராஷ்டிர அரசின் உணவு, மருந்து நிர்வாகத் துறையான எஃப்.டி.ஏ.விடம் புகார் கொடுங்கள். பில்லில் உள்ள 14 இலக்க உணவு உரிம எண்ணைப் புகாரில் குறிப்பிட மறக்க வேண்டாம். அயற்பொருள் கலந்த உணவுக்கு 54-வது பிரிவின்படி 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு; அது அரசுக்குப் போகும், உங்களுக்கு அல்ல. ஆனாலும் இந்தப் புகாரைத் தவிர்க்காதீர்கள். அந்தச் சமையலறையில் ஏதோ ஓர் இயந்திரத்தில் திருகாணி கழன்றிருக்கிறது, அங்கே நாள்தோறும் குழந்தைகளும் முதியவர்களும் சாப்பிடுகிறார்கள். அதிகாரி நேரில் போய்ப் பார்க்க வேண்டிய விஷயம் இது.

உங்கள் கைக்குப் பணம் வரும் முக்கிய வழி நுகர்வோர் ஆணையம். உணவகம் மாட்டுங்காவில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் இடத்தின் அடிப்படையில், பாந்த்ரா கிழக்கில் உள்ள மும்பை புறநகர் மாவட்ட ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். பணம் கட்டியவர் நீங்கள் என்றாலும், உங்கள் ஒப்புதலோடு சாப்பிட்ட அம்மாவும் சட்டப்படி நுகர்வோரே. எனவே மனுதாரராக இருவர் பெயரையும் சேருங்கள். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசு இணையதளமான இ-ஜாக்ருதியிலேயே தாக்கல் செய்யலாம். ஆணையத்தின் நோட்டீஸ் கிடைத்த 45 நாட்களுக்கு மேல் பதிலளிக்க எதிர்தரப்புக்கு அவகாசம் தர முடியாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்துள்ளது. சிகிச்சை, பயணம், மன உளைச்சல், வழக்குச் செலவு ஆகியவற்றைத் தனித்தனியே, ரசீது உள்ள இடத்தில் ரசீதோடு கேளுங்கள். மிகைப்படுத்திய தொகை உங்கள் நேர்மையையே சந்தேகத்துக்கு உள்ளாக்கும். வழக்குக்கு முன் சமரசம் பேசிப் பார்க்க விரும்பினால் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம். அவர்கள் உணவகத்திடம் எடுத்துச் சொல்வார்கள், உத்தரவிட முடியாது.

இதற்கிடையே உணவகத்தார் சமாதானம் பேச அழைக்கலாம். பணம் தராவிட்டால் புகைப்படங்களைப் பரப்புவேன் என்று எக்காரணத்தைக் கொண்டும் சொல்லவோ வாட்ஸ்அப்பில் எழுதவோ கூடாது. மிரட்டிப் பணம் பறித்ததாக உங்கள் மேலேயே புகார் வர அது வழிவகுக்கும். அவர்கள் நீட்டும் தாளில் "முழுமையான, இறுதியான தீர்வு" என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், கையெழுத்திட்ட பின் மேற்கொண்டு எதுவும் கேட்பது கடினம். உடைந்த பல்லுக்கு முதலில் நிரப்பினால் போதும் என்று தோன்றும். சில மாதங்கள் கழித்து வேர்ச் சிகிச்சையும் பல்லுக்கு மேலுறையும் (கிரவுன்) தேவைப்படலாம். ஆகவே சிகிச்சை முழுவதற்கும் ஆகும் செலவை மருத்துவர் எழுத்தில் தரும்வரை எந்தத் தொகைக்கும் அம்மா ஒப்புக்கொள்ள வேண்டாம்.