புழுவின் குடலில் பாக்டீரியா: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மாடும் கரையானும் குடலில் உள்ள நுண்ணுயிர்களைக் கொண்டே தாவர நாரைச் செரிக்கின்றன. இலையே உணவாக வாழும் புழுக்களும் அப்படித்தானே?
கல்லூரி மாணவி, திருச்சி

அப்படித்தான் இருக்க வேண்டும் என்று பூச்சியியலாளர்கள் பலரும் எண்ணியிருந்தார்கள். ஆனால் குடலின் அமைப்பைப் பாருங்கள். மாட்டுக்குப் பெரிய முன்இரைப்பை உண்டு. கரையானுக்கு அகன்ற பின்குடல் உண்டு. பாக்டீரியா தங்கிப் பெருக அங்கே இடமும் நேரமும் கிடைக்கின்றன. வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சிப் புழுக்களின் குடலோ ஏறக்குறைய ஒரு நேர்க்குழாய். தின்ற இலை சில மணி நேரத்தில் எச்சமாகிவிடும். நடுக்குடலின் காரத்தன்மை பல இனங்களில் பிஎச் 10-ஐத் தாண்டுகிறது. அதைத் தாங்கும் பாக்டீரியா குறைவு. பெரும்பாலான புழுக்கள் நார்ப்பொருளைச் செரிக்க முனைவதில்லை. இலைச் செல்லுக்குள் இருக்கும் சர்க்கரையையும் புரதத்தையும் தம் சொந்த நொதிகளால் பிரித்து எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடுகின்றன. அவ்வளவு இலை தின்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

2017-இல் வெளியான ஓர் ஆய்வில் 124 இனங்களைச் சேர்ந்த காட்டுப் புழுக்களைச் சோதித்தார்கள். அவற்றில் பாக்டீரியா மிகக் குறைவாகவே இருந்தது. இருந்ததிலும் பெரும்பகுதி இலையோடு உள்ளே போனது. புகையிலைக் கொம்புப்புழுவுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாவைக் குறைத்தபோதும் அதன் வளர்ச்சி குன்றவில்லை. ஆகவே பெரும்பாலான புழுக்களின் குடலை, பாக்டீரியா வந்து தங்கிப் போகும் சத்திரமாகவே நான் கருதுகிறேன்.

ஒரே இனப் புழுவுக்கு ஒவ்வோர் ஆய்வுக் கட்டுரையும் வெவ்வேறு பாக்டீரியாப் பட்டியல் தருகிறது. எதை நம்புவது?
ஆய்வு மாணவர், கோவை

எல்லாப் பட்டியலும் உண்மையாக இருக்கலாம். புழு எங்கே, எதைத் தின்று வளர்ந்தது என்று முதலில் தேடுங்கள்.

2019-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் முட்டைக்கோஸ் அந்துப்பூச்சியின் புழுக்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு, டான்டெலியன் என்னும் சிறு செடியிலிருந்து பறித்த இலை. மறு பகுதி மண்ணில் வேரூன்றி நிற்கும் அதே செடியின் மேல். பறித்த இலை தின்றவற்றின் குடலில் இலையில் உள்ள சில பாக்டீரியாக்களே காணப்பட்டன. செடியில் வளர்ந்தவற்றின் குடலிலோ பல வகை பாக்டீரியா இருந்தது. அந்தத் தொகுதி இலையைவிட மண்ணோடு அதிகம் ஒத்துப்போனது! இலையை மட்டும் ஆராய்ந்துகொண்டிருந்த நம் எல்லோருக்கும் இது முக்கியமான பாடம். பெட்டியில் இலை போட்டு வளர்த்த புழுவை வைத்து வயல் புழுவைப் பற்றிப் பேசக்கூடாது. செயற்கை உணவில் வளர்த்த புழு என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அந்த உணவு கெடாதிருக்க ஆன்டிபயாடிக் சேர்ப்பது வழக்கம்.

புழுவின் வயது, தோலுரிப்பு, வெப்பநிலை ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு. குடலுக்குள்ளேயே போட்டியும் நடக்கிறது. நம் ஊர்ப் பயிர்களைத் தின்னும் புரோடீனியா புழுவின் நெருங்கிய உறவான எகிப்தியப் பருத்தி இலைப்புழுவில் எண்டெரோகாக்கஸ் முண்டியை என்னும் பாக்டீரியா, தனக்குப் போட்டியான சில பாக்டீரியாக்களைக் கொல்லும் புரதப்பொருளைச் சுரக்கிறது. சத்திரத்தில் நிலையாகத் தங்கிவிடும் ஒன்றிரண்டும் உண்டு என்பதற்கு இது நல்ல சான்று.

கூட்டுப்புழுவாக மாறும்போது இந்தப் பாக்டீரியா என்ன ஆகிறது?
பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்

பெரும்பாலும் அழிந்துபோகிறது. கூட்டுப்புழு ஆவதற்கு முன் புழு குடலைக் காலி செய்கிறது; பிறகு குடலே சிதைந்து புதிதாக உருவாகிறது. மேலே சொன்ன எண்டெரோகாக்கஸ் முண்டியை போன்ற சில பாக்டீரியாக்கள் மட்டுமே பிழைத்து அந்துப்பூச்சிக்குள்ளும் போகின்றன.

பி.டி. மருந்து தெளித்தால் புழுவைக் கொல்வது அதன் குடல் பாக்டீரியாதானா?
காய்கறி விவசாயி, ஒட்டன்சத்திரம்

பி.டி. என்பது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் பாக்டீரியா. அதன் நச்சுப் படிகம் புழுவின் காரக் குடலில் கரைந்து, குடல் சுவர்ச் செல்களில் துளையிடுகிறது. அந்த ஓட்டை வழியே குடல் பாக்டீரியா இரத்தத்தில் கலந்து புழுவைக் கொல்கிறது என்று 2006-இல் ஜிப்ஸி அந்துப்பூச்சிப் புழுவை வைத்து ஒரு குழு சொன்னது. வேறு இனங்களில் செய்த பிற்காலச் சோதனைகளில், குடல் பாக்டீரியா இல்லாமலே பி.டி. கொன்றது. எல்லாப் புழுவுக்கும் ஒரே விடை கிடையாது. உங்களுக்கு வேண்டியது இதுதான்: புழு சிறியதாக இருக்கும்போதே, வெயில் தாழ்ந்த பிறகு, இலை நன்கு நனையும்படி தெளியுங்கள். பக்கத்தில் மல்பெரித் தோட்டம் இருந்தால் பி.டி. வேண்டவே வேண்டாம். 1901-இல் ஜப்பானில் இஷிவாத்தா இந்தப் பாக்டீரியாவை முதன்முதலில் பிரித்தெடுத்ததே நோயுற்ற பட்டுப்புழுவிலிருந்துதான்.

பட்டுப்புழுவுக்கு மல்பெரி இலையில் மோர் தெளித்துக் கொடுத்தால் நோய் வராது என்கிறார்கள். செய்யலாமா?
பட்டு விவசாயி, தேன்கனிக்கோட்டை

வேண்டாம் ஐயா. தேர்ந்தெடுத்த பாக்டீரியாவைக் குறிப்பிட்ட அளவில் கொடுத்த ஆய்வுக்கூடச் சோதனைகள் சிலவற்றில் கூட்டின் எடை கூடியது உண்மை. வீட்டு மோரில் எது, எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இலை ஈரமாவது மட்டும் நிச்சயம். ஈர இலையும் புழுக்கமான வளர்ப்பு மனையும், புழு தளர்ந்து அழுகிச் சாகும் பிளாச்சரி நோயை வாசலில் நின்று அழைப்பவை. 1865 முதல் தென் பிரான்சின் அலேஸ் பகுதியில் பட்டுப்புழு நோய்களை ஆராய்ந்த லூயி பாஸ்டர், உடலில் கரும்புள்ளி விழும் பெப்ரினும் பிளாச்சரியும் வெவ்வேறு நோய்கள் என்று காட்டினார். பிளாச்சரியில், பதம் கெட்ட இலையும் காற்றோட்டமின்மையும் சேரும்போது குடலில் பாக்டீரியா கட்டுமீறிப் பெருகுவதையும் அவர் கவனித்தார்.

புழு தன் வாழ்நாளில் தின்னும் இலையில் 80 சதவீதத்துக்கு மேல் கூடு கட்டுவதற்கு முந்தைய கடைசிப் பருவமான ஐந்தாம் பருவத்தில் உள்ளே போகிறது. உங்கள் கவனமெல்லாம் அந்த நாட்களில் இருக்கட்டும். காலையில் பறித்த, பனி உலர்ந்த இலை, 24 டிகிரியை ஒட்டிய வெப்பம், நெருக்கமில்லாத படுக்கை. தோலுரிப்புக்குப் புழு அடங்கும்போது சுண்ணாம்புத் தூள் தூவிப் படுக்கையை உலரவிடுங்கள். செத்த புழுவைக் கையால் எடுத்து ஓரமாகப் போடாமல், இடுக்கியால் எடுத்து ப்ளீச்சிங் பவுடர் கரைசலில் போட்டு, பிறகு புதைத்துவிடுங்கள். அதன் எச்சம் பட்ட இலையைத் தின்ற அடுத்த புழுவின் குடலுக்குள்தான் அந்தப் பாக்டீரியா போய்ச் சேரும்.