வீட்டிலேயே சின்ன ஏஎம் வானொலி ஒலிபரப்பு நடத்த முடியுமா? பவரைக் கூட்டினால் தூரம் கூடுமா?

"யூடியூபைப் பார்த்து ஒரு சின்ன ஏஎம் டிரான்ஸ்மிட்டர் கட்டினேன். பக்கத்து அறையைத் தாண்டினால் கேட்கவில்லை. பவரைக் கூட்டினால் தெருக்கோடி வரை போகுமா? இது சட்டப்படி சரியா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பவரைத் தொடாதீர்கள். முதலில் எர்த்தைப் பாருங்கள். சட்டம் நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் அமெரிக்காவில், வட கரோலினாவின் ராலே நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறேன். வீட்டுக் கொல்லையில் இருந்து 1620 கிலோஹெர்ட்ஸில், சனி ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் ஒலிபரப்புகிறேன். கையடக்க டிரான்சிஸ்டரில் சுமார் நானூறு மீட்டர் வரை தெளிவாக இருக்கும். கார் ரேடியோவில், நல்ல நாளாக இருந்தால், ஒரு கிலோமீட்டர்.

இதெல்லாம் அப்பாவால் வந்தது. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆறு மாதம் எங்களோடு இருக்க வந்தபோது துணிகளுக்கு நடுவே தன் பழைய டிரான்சிஸ்டரையும் சுருட்டிக் கொண்டு வந்துவிட்டார். அதில் அவர் வாழ்நாள் முழுக்கக் கேட்டது 1197 கிலோஹெர்ட்ஸில் திருநெல்வேலி வானொலி நிலையம். இங்கே முள்ளைத் திருப்பினால் ஆங்கிலப் பேச்சும் பிரசங்கமும்தான். போனில் ஆப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு நாள் பார்த்துவிட்டு, "திருகுனா வரணும்லே, இது என்னது தேய்க்கச் சொல்லுத" என்று ஓரமாக வைத்துவிட்டார். சரி, திருகினால் வரும்படி செய்துவிடலாம் என்று இறங்கினேன்.

அமெரிக்காவில் உரிமம் இல்லாமலே இதைச் செய்ய ஒரு சின்ன வாசல் இருக்கிறது. அந்நாட்டு வானொலியைக் கட்டுப்படுத்தும் அரசு ஆணையமான எஃப்சிசியின் விதிகளில், 15-ஆம் பகுதியில், 510 முதல் 1705 கிலோஹெர்ட்ஸ் வரை, டிரான்ஸ்மிட்டரின் கடைசிக் கட்டத்துக்குள் போகும் மின்சக்தி 100 மில்லிவாட்டைத் தாண்டக் கூடாது. ஆன்டெனா, அதற்குப் போகும் கேபிள், எர்த் வயர் மூன்றும் சேர்ந்து 3 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. திருநெல்வேலி நிலையத்தின் 20 கிலோவாட்டோடு ஒப்பிட்டால் இது இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. உரிமம் பெற்ற எந்த நிலையத்துக்கும் இடைஞ்சல் செய்யக் கூடாது, மற்றவர்களால் நமக்கு இடைஞ்சல் வந்தால் புகார் சொல்லவும் முடியாது. சொந்த உபயோகத்துக்கு, விற்காமல், ஐந்துக்கு மேல் போகாமல் நாமே கட்டினால் சான்றிதழ் வேண்டாம். ஆனால் பாகங்களை மொத்தமாகப் போட்டு விற்கும் கிட் வாங்கிச் சாலிடர் வைத்தால் அந்தச் சலுகை கிடையாது! இதைப் படித்துவிட்டு, கட்டும் ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டு, சான்று எண் அச்சடித்த தயார் டிரான்ஸ்மிட்டர் பெட்டி ஒன்றை வாங்கினேன்.

அலைவரிசையை அப்பாவின் ரேடியோதான் முடிவு செய்தது என்று சொல்லலாம். இங்கே நிலையங்கள் 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கும், இந்தியாவில் 9. பழைய முள் ரேடியோவுக்கு அது ஒரு பொருட்டில்லை. ஆனால் நண்பர்களின் பெற்றோர் சிலர் கொண்டு வந்திருந்த டிஜிட்டல் செட்டுகள் ஒன்பது ஒன்பதாகத்தான் தாவும். 1610-ஐயோ 1640-ஐயோ அவற்றால் பிடிக்க முடியாது. 1620 ஒன்பதாலும் வகுபடும், பத்தாலும் வகுபடும். பகலில் அங்கே வெறும் இரைச்சல்தான், இரவில் எங்கிருந்தோ ஒரு ஸ்பானிஷ் குரல் மிதந்து வரும். மாலையோடு நாங்கள் மூட்டை கட்டிவிடுவதால் பாதகமில்லை.

முதலில் நான் செய்தது முட்டாள்தனம். பெட்டியை மாடி அறையில் வைத்து, வயரை ஜன்னல் ஓரமாகத் தொங்கவிட்டேன். வாசலில் தபால் பெட்டி வரை கேட்டது. அப்பா வந்து பார்த்தார். வயரைப் பார்த்தார், பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார். "என்னலே, எர்த்தே இல்லாம லைன் இழுத்திருக்கே?"

அவர் சொன்னது கரண்டு லைன் கணக்கு. வானொலிக் கணக்கிலும் அதுதான் விஷயம் என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது. 1620 கிலோஹெர்ட்ஸில் ஒரு அலையின் நீளம் 185 மீட்டர். முறையான ஆன்டெனா அதில் கால் பங்கு, அதாவது 46 மீட்டர் உயரம் நிற்க வேண்டும். நமக்கு அனுமதி மூன்றே மீட்டர். அவ்வளவு குட்டைக் கம்பியின் கதிர்வீச்சுத் தடை, அதாவது சக்தியை அலையாக வெளியே அனுப்பும் பங்கு, ஏறக்குறைய ஒரு ஓமில் பத்தில் ஒரு பங்குதான். மண்ணின் தடையோ சாதாரணமாக இருபது, முப்பது ஓம். இரண்டும் ஒரே வரிசையில் இருக்கும்போது கரண்டு எங்கே வேலை செய்யும்? நாம் கொடுக்கும் சக்தியில் பெரும்பகுதி மண்ணைச் சூடாக்கிவிட்டுப் போகிறது. காற்றில் ஏறுவது ஒரு மில்லிவாட்டுக்கும் குறைவு. அதனால்தான் மண்ணின் தடையைப் பாதியாகக் குறைத்தால், பவரை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிய பலன், விதியை மீறாமலே கிடைக்கிறது.

பெட்டியைக் கொல்லைக்குக் கொண்டு போனேன். லாரிக்காரர்கள் வண்டிக்கு வண்டி பேசும் சிபி ரேடியோவுக்கு வைத்துக்கொள்ளும் எஃகுக் கம்பி ஒன்று கிடைக்கும், நீளம் 102 அங்குலம், அதாவது 2.59 மீட்டர். மீதம் கிடைப்பது 41 சென்டிமீட்டர். டிரான்ஸ்மிட்டரை மழை புகாத டப்பாவில் அடைத்துக் கம்பியின் அடியிலேயே, தரையை ஒட்டி வைத்தால் கேபிளே தேவையில்லை, எர்த் வயர் ஒரு சாண் போதும். கூரை மேல் பெட்டியை ஏற்றிவிட்டு அங்கிருந்து தரை வரைக்கும் பத்து மீட்டர் "எர்த்" இழுப்பவர்கள் உண்டு. தூரம் அள்ளிக்கொண்டு போகும், ஏனென்றால் அந்த எர்த் வயரும் ஆன்டெனாவாக வேலை செய்கிறது. ஆய்வாளர் வந்தால் டேப்பை எடுத்து அளப்பதும் அதைத்தான்.

ராலே மண் செங்களிமண். கோடையில் எர்த்துக்கான எட்டடி செப்பு முலாம் ராடை அடித்து இறக்கினால் தோள்பட்டை கழன்றுவிடும். அப்பா அவர் பாணியில் ராடைச் சுற்றிக் குழி தோண்டி உப்பும் கரியும் போட்டு, மேலே தண்ணீர் ஊற்றக் குழாய்த் துண்டு ஒன்றும் நட்டார். உப்பு ராடை அரிக்கும் என்றேன், காதில் வாங்கவில்லை. நான் என் பங்குக்குப் புல்லைக் கத்தியால் கீறி, கம்பியின் அடியிலிருந்து எட்டுத் திசைக்கும் ஐந்து ஐந்து மீட்டர் வெறும் செப்பு வயர் புதைத்தேன். அன்று மாலை சோதனை. என் கார் மின்சாரக் கார், மோட்டார் இரைச்சல் காரணமாக அந்த மாடலில் ஏஎம் வைக்கவே இல்லை. நண்பரின் பழைய டொயோட்டாவைக் கடன் வாங்கிச் சுற்றினோம். பள்ளிக்கூடத் திருப்பம் தாண்டியும் கேட்டது. என் கணக்குப்படி அது வயர்களின் வேலை. அப்பாவின் கணக்குப்படி உப்பு. இன்றுவரை தீரவில்லை.

ஆன்டெனாக் கம்பியின் அடியில் இருக்கும் லோடிங் காயிலைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று மீட்டர் கம்பி கரண்டுக்கு ஒரு குட்டிக் கெப்பாசிட்டர் மாதிரி, முப்பது பிகோஃபாரடுக்குப் பக்கம். அதைச் சமன் செய்ய முந்நூறு மைக்ரோஹென்றியை ஒட்டிய காயில் வேண்டும். அலைவரிசைக்குக் கம்பியும் காயிலும் ஒத்துப்போகும் அந்தப் பொருத்தம் கத்தி முனை போல. கையைப் பக்கத்தில் கொண்டு போனாலே மீட்டர் முள் விழும். முள் உச்சிக்குப் போகும்வரை திருகிவிட்டு இரண்டடி தள்ளி நின்று மறுபடி பார்க்க வேண்டும். குடியிருப்போர் சங்கத்தின் கண்ணில் படாமல் இருக்கக் கம்பியை வெள்ளை பிவிசி குழாய்க்குள் ஒளித்து, உச்சியில் ஒரு பிளாஸ்டிக் பறவைக் கூடு மாட்டியிருக்கிறேன். மழை பெய்து குழாய் நனைந்தால் பொருத்தம் நழுவிவிடும். துண்டால் துடைத்தால் பழையபடி வந்துவிடும்.

அப்புறம் ஒரு 'ம்ம்ம்'. பேச்சுக்குப் பின்னால் விடாமல் ஒரு ரீங்காரம். எங்கள் அலைவரிசையில் மட்டும் கேட்கும், முள்ளை நகர்த்தினால் மறையும். மூன்று வாரம் மைக்கையும் கம்ப்யூட்டரையும் சந்தேகப்பட்டேன். குற்றவாளி பவர் அடாப்டர். நம் அலை பவர் வயர் வழியாகத் திரும்பி அடாப்டரின் டயோடுகளுக்குள் புகுந்து, வினாடிக்கு 120 முறை வெட்டுப்பட்டு மறுபடி வெளியே வருகிறது. அடாப்டரை மாற்றி, பவர் வயரையும் ஆடியோ வயரையும் ஃபெரைட் வளையத்தில் ஏழெட்டுச் சுற்று சுற்றியதும் அடங்கியது. உங்கள் செட்டிலும் இது இருக்க வாய்ப்பு அதிகம்.

ஒலி அளவிலும் கவனம் தேவை. மாடுலேஷன், அதாவது அலையின் மேல் குரலை ஏற்றும் அளவு, நூறு சதவீதத்தைத் தாண்டினால் குரல் உடைந்து பக்கத்து அலைவரிசையிலும் சிதறும். மிகக் குறைந்தால் நிலையம் எங்கோ தூரத்தில் இருப்பது போலக் கேட்கும், தூரம் போதவில்லை என்று நாம் தப்பாக நினைப்போம். ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரெஸர் ஒன்று போட்டால் இரண்டும் ஒழுங்காகும். இடி இடித்தால் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம்.

என்ன ஒலிபரப்புகிறோம்? சினிமாப் பாட்டு இல்லை. டிரான்ஸ்மிட்டருக்கு உரிமம் வேண்டாம் என்றால் பாட்டுக்கும் வேண்டாம் என்று அர்த்தமில்லை. ஏரிக்கரையில் நடக்க வரும் பெரியவர்கள்தான் நேயர்கள், நிலையக் கலைஞர்களும் அவர்களே. ஒரு மாமி தேவாரம் பாடுவார். அப்பா இங்கே இருந்தவரை அணை நீர்மட்டம் வாசித்தார். பாபநாசம் இத்தனை அடி, மணிமுத்தாறு இத்தனை அடி என்று, ராலேயில், முழு அக்கறையோடு. அவர் ஊருக்குத் திரும்பிய பிறகும் நேயர்கள் அதைக் கேட்பதால் இப்போது அவர் போனில் சொல்ல, நான் வாசிக்கிறேன்.

இனி உங்கள் விஷயம். நீங்கள் தமிழ்நாட்டில் இருந்தால் இந்த 100 மில்லிவாட் வாசல் அங்கே கிடையாது. 1933-ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமம் இல்லாமல் அலைபரப்பும் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. 2023-இன் தொலைத்தொடர்புச் சட்டத்திலும் அனுமதி இல்லாமல் முடியாது. பீகாரின் மன்சூர்பூர் கிராமத்தில் ராகவ் மகதோ என்ற ரேடியோ மெக்கானிக் கையால் கட்டிய எஃப்எம் நிலையத்தை ஊரே கொண்டாடியது, 2006-இல் அதையும் மூடிவிட்டார்கள். பொழுதுபோக்கு வானொலியாளர்களுக்கான ஹாம் உரிமம் வாங்கினாலும் பொதுமக்களுக்கு ஒலிபரப்ப அனுமதி இல்லை. சட்டப்படியான வழி சமுதாய வானொலி, அது எஃப்எம்தான். அண்ணா பல்கலைக்கழகம் 2004-இல் தொடங்கியது அப்படித்தான். கல்வி நிறுவனங்களும் தொண்டு அமைப்புகளும் விண்ணப்பிக்கலாம், தனிமனிதருக்குக் கிடையாது. பக்கத்தில் அப்படி ஒரு நிலையம் இருந்தால் போய்க் கதவைத் தட்டுங்கள், ஆள் தேவைப்படாத சமுதாய வானொலியை நான் பார்த்ததில்லை. கட்டிய டிரான்ஸ்மிட்டரைக் கழற்றி வையுங்கள். அதில் இருக்கும் காயிலையும் கெப்பாசிட்டரையும் வைத்துப் பேட்டரியே இல்லாத கிரிஸ்டல் செட் என்னும் ரேடியோ ஒன்று கட்டலாம். ஊருக்கு அருகில் மீடியம் வேவ் (ஏஎம்) நிலையம் ஓடிக்கொண்டிருந்தால் நீள வயரும் நல்ல எர்த்தும் போதும், பாட்டு வந்துவிடும்.