விறகுக் கணப்பு: இரவில் காற்றை மூடி வைக்கலாமா?

தம்பி, வாடகை வீட்டுக் கூடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட இரும்புக் கணப்பு இருக்கிறது என்கிறீர்கள். கண்ணாடி ஒரே நாளில் கறுத்துப்போகிறது. படுக்கும்முன் விறகை நிறைய அடுக்கி, கணப்புக்குள் காற்று போகும் திறப்பை மூடிவிட்டால் விடியும்வரை சூடு நிற்குமா என்று கேட்கிறீர்கள். மூடவே மூடாதீர்கள். கண்ணாடி கறுப்பதற்கும் அப்படி மூடுவதால் வரும் ஆபத்துக்கும் வேர் ஒன்றுதான்.

சுவாலையாக எரிவது கட்டை அல்ல, சூட்டில் அதிலிருந்து கிளம்பும் வாயு. அது முழுதாக எரிய நல்ல வெப்பமும் போதிய காற்றும் வேண்டும். விறகு ஈரமாயிருந்தால் வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும். காற்றை மூடினாலோ வாயு எரியாமல் புகையாக மேலேறி, குளிர்ந்த புகைக் குழாயின் உட்சுவரில் தார்போல ஒட்டிக்கொள்ளும். இதைத்தான் கிரியோசோட் என்கிறார்கள். கண்ணாடியில் தெரிவது அதன் அடையாளம். கண்ணில் படாத புகைபோக்கியில் அதுவே அடுக்கடுக்காகச் சேர்கிறது. ஒருநாள் பெருந்தீ போடும்போது அந்தப் படிவே பற்றிக்கொள்ளும். அந்தச் சூட்டில் செங்கல் புகைபோக்கிகூட விரிசல்விட்டு, தீ கூரை மரத்துக்குத் தாவலாம்.

ஆகவே முதலில் விறகைப் பாருங்கள். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஊசி முனை வைத்த சிறிய ஈரமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கட்டையின் வெளிப்புறத்திலோ வெட்டு முனையிலோ குத்தினால் எண் பொய் சொல்லும், ஏனென்றால் அவைதான் முதலில் காய்பவை. கட்டையை வீட்டுக்குள் வைத்துக் குளிர் போனபின் இரண்டாகப் பிளந்து, புதிதாகத் திறந்த பக்கத்தின் நடுவில் குத்திப் பாருங்கள். மானி இல்லையென்றால் இரண்டு கட்டைகளை மோதவிடுங்கள். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரமானது மொத்தென்று கேட்கும். தீயிலிட்டதும் முனையில் நுரை தள்ளி உஸ்ஸென்றால் அது இந்தக் குளிர்காலத்துக்கு உதவாத விறகு.

பிளந்து அடுக்கிய பைன் போன்ற மென்மரம் காய ஆறு மாதம் முதல் ஓராண்டு ஆகும். ஓக் இரண்டு ஆண்டுகூடக் கேட்கும். அடுக்கைத் தரையிலிருந்து உயர்த்தி, மேலே மட்டும் மூடுங்கள். பக்கங்களையும் தார்ப்பாயால் சுற்றினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுப் பூஞ்சை பிடிக்கும். பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், மருந்தேற்றிய வேலிக்கட்டை, கடலில் மிதந்துவந்த மரம் எதுவும் கணப்புக்குள் போகக் கூடாது. பழைய மருந்தேற்றிய மரங்களில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருக்கலாம், அது சாம்பலிலும் தங்கும்.

பற்றவைப்பதைத் தலைகீழாகச் செய்யுங்கள்: அடியில் பெரிய கட்டை இரண்டு, மேலே கைத்தடிப் பருமனில் சில, உச்சியில் சுள்ளி, அதன்மேல் தீமூட்டி. தீ மேலிருந்து இறங்குவதால் கீழே கிளம்பும் வாயு சுவாலை வழியாகவே போக வேண்டும். புகையும் குறையும், குழாயும் சீக்கிரம் சூடேறும். காற்றுத் திறப்பு முழுதும் திறந்திருக்கட்டும். கட்டைகள் நன்றாகப் பிடித்தபின் (பெரும்பாலும் 15, 20 நிமிடம்) படிப்படியாகக் குறைக்கலாம். சுவாலை சோம்பி ஆரஞ்சாகப் புரண்டாலோ கண்ணாடி மங்கினாலோ அதிகமாகக் குறைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். மண்ணெண்ணெய், பெட்ரோல் பக்கமே போகாதீர்கள். விறகு சேர்க்கும்போது கதவை முதலில் ஒரு விரலிடை திறந்து சில நொடி பொறுங்கள். சட்டென இழுத்தால் புகை கூடத்துக்குள் பாயும். சமையலறைப் புகைவிசிறி ஓடும்போதும் இதே கதைதான். இறுக்கமாக அடைத்த வீட்டில் அந்த விசிறி புகைபோக்கி வழியாகவே காற்றை உள்ளிழுக்கும்.

இரவுக்கு வருகிறேன். படுப்பதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன் கடைசிக் கட்டையைப் போட்டு, தணலாகும்வரை நன்றாக எரியவிடுங்கள். சுவாலை போனபின்னும் தணல் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவை விடும். மணமும் இல்லை, நிறமும் இல்லை. குழாயில் புகை வழியை அடைக்கும் தகடு இருந்தால் அதையும் மூடாதீர்கள். கணப்பு உள்ள அறையிலேயே, அதிலிருந்து 1 முதல் 3 மீட்டருக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வேண்டும். புகை அலாரம் இதைப் பிடிக்காது, அது தனியே வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல் வந்து, வெளியே போனால் தணிந்தால் அதைக் குளிர்க் காய்ச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லோரும் வெளியேறி, வெளியிலிருந்தே அவசர உதவியை அழையுங்கள்.

சாம்பலில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஆறியதுபோலத் தெரியும் சாம்பலுக்குள் கங்கு நாட்கணக்கில் உயிரோடிருக்கும். காகிதப் பை, பிளாஸ்டிக் தொட்டி, வாக்குவம் கிளீனர் எல்லாமே ஆபத்து. மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, மரத்தளம் இல்லாத இடமாகப் பார்த்து, வீட்டிலிருந்து 3 மீட்டர் தள்ளி வெளியே வையுங்கள்.

புகைபோக்கியை ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆள் வைத்துத் துடைக்க வேண்டும். குழாயில் ரயில் ஓடுவதுபோல இரைச்சல் கேட்டால் உள்ளே தீப்பிடித்திருக்கிறது. கணப்புக் கதவையும் காற்றுத் திறப்பையும் மூடிவிட்டு எல்லோரும் வெளியேறித் தீயணைப்புக்குச் சொல்லுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூட்டில் இருக்கும் இரும்பும் செங்கல்லும் வெடிக்கும்.

கண்ணாடி இப்படிக் கறுக்கிறது என்றால் உங்கள் குழாயில் ஏற்கெனவே படிவு இருக்கலாம். கடைசியாக எப்போது துடைத்தார்கள் என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள், துடைத்ததற்கான சான்றையும் வாங்குங்கள். அது கைக்கு வரும்வரை மின் ஹீட்டரையே போட்டுக்கொள்ளுங்கள்.