கூட்டுக் கம்பனி: பாதிக்குப் பாதி சரிவருமா?

சாவகச்சேரியில் எங்களுக்கு மிளகாய்த்தூள் ஆலை இருக்கிறது. கொழும்பு விநியோக நிறுவனம் ஒன்று சேர்ந்து புதுக் கம்பனி தொடங்குவோம், 50க்கு 50 என்கிறது. சம்மதிக்கலாமா?

இரண்டு பகுதியும் முறுக்கிக்கொண்டு நின்றால் என்ன செய்வது என்று முதலே எழுதிக்கொண்டால் சம்மதிக்கலாம். பாதிக்குப் பாதியில் பெரும்பான்மை என்று ஒன்று கிடையாது. புது இயந்திரம் வாங்குவதா, லாபத்தைப் பிரிப்பதா என்று இழுபறி வந்தால் கம்பனி அப்படியே நின்றுவிடும். வங்கி வட்டி நிற்காது.

"அப்ப எனக்கு 51" என்பார்கள் சிலர். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, அமைப்பு விதிகளை மாற்றவும் சொத்தில் பாதிக்கு மேல் கைமாற்றவும் விசேட தீர்மானம் வேண்டும். அதற்கு 75 வீத வாக்கு. 26 வீதம் வைத்திருப்பவரே மறித்துவிடலாம். திருகோணமலை எண்ணெய்த் தாங்கிகளுக்கான கூட்டுக் கம்பனியில் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 51, இந்தியன் ஒயிலின் இலங்கைக் கம்பனியான லங்கா ஐஓசிக்கு 49. அப்படிப்பட்ட பிரிப்பில் அன்றாட விடயங்களுக்கு 51 போதும், பெரிய முடிவுக்கு மற்றவரும் கை உயர்த்த வேண்டும்.

பிரியும் வழியையும் பாருங்கள். ஒருவர் விலை சொல்வார், மற்றவர் அந்த விலைக்கு வாங்குவதா விற்பதா என்று தீர்மானிப்பார் என்றொரு விதியைப் போடச் சொல்வார்கள். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் கையில் காசில்லாத நேரம் பார்த்து அவர் குறைந்த விலை சொன்னால் உங்களால் வாங்க முடியாது, விற்றுவிட்டுத்தான் போக வேண்டும். சுயாதீன மதிப்பீட்டு விலை, பணம் கட்டுவதற்குத் தவணை, இரண்டையும் கேளுங்கள்.

குருநகரில் எங்கள் கடற்றொழிலாளர் சங்கக் காணியில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்று குளிர் அறை கட்டித் தருகிறதாம். கூட்டுக் கம்பனி லாபத்தில் எங்களுக்கு 40 வீதம். நண்டு முழுவதும் அவர்களுக்கே கொடுக்க வேண்டும். சம்மதிக்கலாமா?

எந்த லாபத்தில் 40 வீதம்? ஒரு பேச்சுக்கு, கூட்டுக் கம்பனி கிலோ 2,000 ரூபாவுக்கு நண்டு வாங்கி ஏற்றுமதிக்காரருக்கு 2,050க்குக் கொடுக்கிறது. அவர் வெளிநாட்டில் 3,000க்கு விற்கிறார். செலவை விட்டுவிட்டுப் பார்த்தால் உங்கள் பங்கு 50 ரூபாவில் 40 வீதம், அதாவது 20 ரூபா. மிச்ச 950 அவருடைய சொந்தக் கம்பனிக்குள் போய்விடும், நீங்கள் அங்கே பங்காளி இல்லை. பங்காளியே கொள்வனவாளராகவும் இருக்கிற இடத்தில், சண்டை பிடிக்க வேண்டியது வீதத்துக்கு அல்ல, கிலோ விலைக்கு. விலையை ஏற்றுமதி விலையோடு கட்டுங்கள். அவருடைய விற்பனைப் பற்றுச்சீட்டை உங்கள் கணக்காய்வாளர் பார்க்கும் உரிமை வேண்டும். ஒரு பகுதி நண்டை வேறு ஆளுக்கு விற்கவும் வழி வையுங்கள்.

காணியை மூலதனமாக எழுதிக் கொடுக்காதீர்கள், குத்தகைக்குக் கொடுங்கள். கம்பனி கடனில் விழுந்தால் அதன் பேரிலுள்ள காணியைக் கடன்காரர் எடுப்பார். 2016இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஒலிவர் ஹார்ட் இதைத்தான் ஆராய்ந்தார்: எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் எழுத முடியாது, எழுதாத நிலைமை வந்தால் சொத்துக்காரர் சொல்தான் எடுபடும். கட்டிய குளிர் அறையை அவர் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதால் அவருக்கும் பயம் உண்டு. நீண்ட குத்தகை கேட்பார். கொடுங்கள், பதிலுக்கு விலை விதியை வாங்குங்கள்.

கனடாவில் மச்சானின் கம்பனி பணம் போடுகிறது. பங்காகவா, கடனாகவா?

கடனென்றால் நட்டத்திலும் வட்டி கட்ட வேண்டும். பங்கென்றால், கடன்களைத் தீர்க்கும் வல்லமை கம்பனிக்கு இருந்தால்தான் பங்கிலாபம் கொடுக்கலாம். தொடங்கும் காலத்தில் பங்குதான் நல்லது. பங்குக்கான பணம் உள்முக முதலீட்டுக் கணக்கு (வெளிநாட்டு முதலீட்டாளர் இங்குள்ள வங்கியில் திறக்கும் கணக்கு) வழியாக வரட்டும், திருப்பி எடுக்கும்போது கரைச்சல் இராது.

எங்களுக்குப் போட்டியான ஐஸ்கிரீம் கம்பனி 20 வீதப் பங்கு கேட்கிறது. ஏன்?

உங்கள் லாபத்தில் ஐந்தில் ஒன்று அவருக்கு வந்தால், விலையைக் குறைத்து உங்களை அடிக்கும் ஆசை அவருக்குக் குறையும். உங்களுக்கு அது இனிப்பாகத்தான் இருக்கும், வாடிக்கையாளருக்கு இல்லை. எனக்குப் பயம் பணிப்பாளர் சபை ஆசனத்தில்தான்: உங்கள் பால் விலையும் கடைகளுக்கான விலைக்கழிவும் மாதாமாதம் அவர் மேசைக்குப் போகும். பங்கு கொடுத்தாலும் ஆசனம் கொடுக்காதீர்கள். தன் தொழிலைக் கொடுத்துவிட்டு வெளியேறுகிறவர் அதன் விலையாகப் பங்கு வாங்குவது வேறு கதை. 2024இல் தொலைபேசிக் கம்பனியான எயார்டெல் லங்கா அதே துறையிலுள்ள டயலொக்குடன் சேர்ந்தபோது, அதன் உரிமையாளரான பார்தி எயார்டெல் காசுக்குப் பதிலாக டயலொக்கில் 10.355 வீதம் பெற்றது.

கம்பனி பதியாமல் இருவர் பங்குடைமையாகத் தொடங்குகிறோம். வாய்ப்பேச்சு போதுமா?

போதாது. மூலதனம் 1,000 ரூபாவுக்கு மேல் என்றாலே எழுத்தில், கையொப்பத்தோடு வேண்டும். ஆயிரம் ரூபாவுக்கு இன்று என்ன கடை போடலாம்?