வாசகர் கேள்வி – பதில்: மென் அளவீடு

கேள்வி: எலெக்ட்ரானின் ஸ்பின்னை அளந்தால் +½ அல்லது −½ மட்டுமே வரும் என்று வகுப்பில் நடத்துகிறோம். அதை அளந்தால் 100 வரலாம் என்று சொல்லும் ஆய்வுக் கட்டுரை உண்டு என்கிறார்களே, மெய்தானா? (பள்ளி ஆசிரியை, திண்டுக்கல்)

பதில்: மெய்தான். 1988-இல் ஃபிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸ் இதழில் அஹரொனோவ், ஆல்பர்ட், வைட்மன் ஆகிய மூவர் எழுதியது. தலைப்பிலேயே 100 இருக்கிறது. அது பேசுவது மென் அளவீடு (weak measurement) என்ற வேறு வகை அளவீட்டைப் பற்றி. அதனால் நீங்கள் நடத்தும் பாடம் பொய்யாகிவிடாது.

எந்தக் கருவியிலும் ஒரு முள் இருக்கும். அந்த முள்ளுக்கே ஒரு தடுமாற்றமும் இருக்கும். வழக்கமான அளவீட்டில் முள் நகரும் தூரம் அந்தத் தடுமாற்றத்தைவிடப் பெரிது. அதனால் இரண்டு விடைகளும் தனித்தனியாகத் தெரியும், துகளின் நிலையும் குலையும். மென் அளவீட்டில் நகர்வு, தடுமாற்றத்தில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. ஒரு வாசிப்பை வைத்து எதுவும் சொல்ல முடியாது. துகளும் ஏறக்குறைய பழைய நிலையிலேயே இருக்கும். லட்சக்கணக்கில் வாசிப்புகளை எடுத்துச் சராசரி பார்த்தால், பாடநூல் சொல்லும் சராசரியே வரும்.

விசித்திரம் அடுத்த படியில்தான் வருகிறது. மென் அளவீடு முடிந்ததும் அதே துகள்களை வேறொரு திசையில் வழக்கம்போல் அளந்து, அரிதான ஒரு விடையைத் தந்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடுகிறோம். மிஞ்சியவற்றுக்கு மட்டும் முள்ளின் சராசரியைக் கணக்கிட்டால் அதுவே மென் மதிப்பு. தொடக்க நிலைக்கும் இறுதி நிலைக்கும் உள்ள மேற்பொருந்தல் (இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு) அதன் சூத்திரத்தில் வகுஎண்ணாக நிற்கிறது. இரண்டு நிலைகளும் ஏறக்குறைய செங்குத்தாக இருந்தால் வகுஎண் பூச்சியத்தை நெருங்கும், விடை எகிறும். இது குறுக்கீட்டு விளைவு. சற்றே விலகிய, உயரத்திலும் சற்றே வேறுபட்ட இரண்டு மணிவடிவ அலைகளை ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால், மிஞ்சும் சிறு அலை ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும். எந்த ஒரு துகளும் 100 ஸ்பின்னைச் சுமந்து வரவில்லை.

மூல கட்டுரையின் கணக்கில் ஓட்டைகள் இருந்தன. டக், ஸ்டீவன்சன், சுதர்சன் மூவரும் 1989-இல் அவற்றைச் சரிசெய்து, மையக் கருத்து நிற்கும் என்று காட்டினார்கள். அந்தச் சுதர்சன், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, 1980-களில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்துக்குத் தலைமை தாங்கிய இ.சி.ஜி. சுதர்சன்தான்.

கேள்வி: முதுகலை புராஜெக்டாக இதைக் கல்லூரி ஆய்வகத்தில் செய்து காட்ட முடியுமா? (மாணவர், திருநெல்வேலி)

பதில்: முடியும். ரைஸ் பல்கலைக்கழகத்தில் ரிச்சி, ஸ்டோரி, ஹ்யூலெட் 1991-இல் செய்த ஒளியியல் சோதனையை ஒட்டிச் செய்யுங்கள். ஸ்பின்னுக்குப் பதில் ஒளியின் தளவிளைவு (ஒளி அலை அதிரும் திசை), முள்ளுக்குப் பதில் லேசர் கற்றையின் இருப்பிடம்.

633 நானோமீட்டர் ஹீலியம்-நியான் லேசர், 1 மிமீ கற்றை விட்டம் போதும். அதன் செறிவுப் பரவலின் திட்டவிலக்கம் சுமார் 250 மைக்ரான். வரிசை இப்படி: 45 பாகையில் முதல் போலரைசர், அரை மிமீ தடிமனுள்ள குவார்ட்ஸ் தட்டு, இரண்டாம் போலரைசர், கேமரா. தட்டின் ஒளி அச்சு அதன் தளத்திலேயே கிடக்க வேண்டும். அந்த அச்சைச் சுழல் அச்சாக வைத்துத் தட்டை 30 பாகை சாய்த்தால், இரட்டை ஒளிவிலகலால் இரு தளவிளைவுகளும் பக்கவாட்டில் ஏறத்தாழ 1 மைக்ரான் விலகும். அதாவது நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 0.5 மைக்ரான். கேமராவின் ஒரு பிக்சலைவிடச் சிறிது.

தட்டு இருக்கும்போதே இரண்டாம் போலரைசரைத் திருப்பி, முழு இருளைப் பிடியுங்கள். தட்டின் பரப்புகள் இரு தளவிளைவுகளையும் ஒரே அளவில் கடத்தாததால், தட்டு இல்லாமல் பிடித்த இருள் சுமார் ஒரு பாகை தள்ளிப்போயிருக்கும். பிறகு இருளிலிருந்து +0.57 பாகை (0.01 ரேடியன்) திருப்பி ஒளிமையத்தைக் குறியுங்கள், −0.57 பாகைக்குத் திருப்பி மறுபடி குறியுங்கள். மென் மதிப்பு 100. ஒவ்வொரு பக்கமும் 50 மைக்ரான் நகர்வு. இரண்டுக்கும் இடையே 100. கடந்து வரும் ஒளி 10,000-இல் 1 பங்குதான், ஆனாலும் 1 மில்லிவாட் லேசருக்கு அது நொடிக்குச் சுமார் 30,000 கோடி ஃபோட்டான். கேமராவின் தானியங்கி எக்ஸ்போஷரை அணைத்து, லேசரை மறைத்து எடுத்த பின்புல ஒளியைக் கழித்த பிறகே மையத்தைக் கணக்கிட வேண்டும்.

இனிப் பிசகும் இடங்கள். முதலாவது போலரைசர். 1,000-க்கு 1 கசியும் தாள் போலரைசரைப் போட்டால், நகராத கசிவொளி நமக்கு வேண்டிய ஒளியைப்போல் பத்து மடங்கு வந்து, 50 மைக்ரான் நகர்வை நாலரையாக அமுக்கிவிடும். 1,00,000-க்கு 1 கசியும் கால்சைட் வகை வேண்டும். அது கிடைக்காவிட்டால் கோணத்தை 5.7 பாகைக்கு ஏற்றி, 5 மைக்ரானுக்குக் கொஞ்சம் குறைவான நகர்வோடு திருப்திப்படுங்கள்.

இரண்டாவது, இரு தளவிளைவுகளுக்கும் இடையே மிஞ்சும் கட்ட வேறுபாடு. பாதை வேறுபாடு அலைநீளத்தின் முழு மடங்கிலிருந்து 2 நானோமீட்டர் பிசகினாலே போதும், நகர்வு பாதியாகிவிடும். தட்டின் சாய்வில் 0.12 பாகைதான் அது! அடுத்த இருள் புள்ளியைச் சாய்வாலேயே தேடினால் பல பாகை திருப்ப நேரிடும் என்பதால், கட்ட வேறுபாட்டைச் சரிசெய்யும் பாபினே–சோலே ஈடுசெய்கருவி ஒன்றைச் சேர்ப்பது நல்லது. கேமராவைப் பின்னால் தள்ளத் தள்ள, போலரைசர் திறந்திருக்கும்போதுள்ள கற்றையோடு ஒப்பிட்டு இரு வாசிப்புகளும் ஒரே பக்கமாக ஒதுங்கினால், கட்டம் மிஞ்சியிருக்கிறது என்று பொருள்.

மூன்றாவதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. பூச்சில்லாத தட்டுக்குள் இருமுறை எதிரொளித்து வரும் பேய்க்கற்றை மொத்தத்தில் அற்பம்தான். ஆனால் பரப்பு எதிரொளிப்பு இரு தளவிளைவுக்கும் வேறாக இருப்பதால், அது இரண்டாம் போலரைசரில் அணையாமல் 10,000-க்கு 3 என்ற கணக்கில் நுழையும். உங்கள் சிக்னல் 10,000-க்கு 1. எனவே எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு கட்டாயம்.

கோணத்தை இன்னும் குறைத்து ஆயிரத்தைத் தொடலாமா என்று ஆசை வரும். 0.001 ரேடியனில் சூத்திரம் 500 மைக்ரான் என்னும், கிடைப்பது 250. கற்றையின் பரவல்தான் உச்சவரம்பு. அதற்குக் கீழே போனால் நகர்வு குறைந்து, முழு இருளில் நடுவே கோடு விழுந்த இரட்டைப் பொட்டு தெரியும்.

வைவாவில் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்: இந்த லேசர் சோதனையை விளக்க மேக்ஸ்வெல் சமன்பாடுகளே போதும்.

கேள்வி: நூறு மடங்கு பெருக்கம் என்றால், துல்லியமும் நூறு மடங்கு கூடுமா? (பொறியாளர், கோயம்புத்தூர்)

பதில்: கூடாது. மேலே உள்ள எண்களையே போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு ஃபோட்டானின் இடமும் 250 மைக்ரான் நிச்சயமற்றது. பெருக்காமல் 0.5 மைக்ரான் நகர்வை ஒரு திட்டவிலக்கத் தெளிவில் காண (250/0.5)² = 2,50,000 ஃபோட்டான் வேண்டும். பெருக்கி 50 மைக்ரானாக்கினால் (250/50)² = 25 போதும். ஆனால் அந்த 25 கடந்து வர, உள்ளே அனுப்ப வேண்டியது அதே 2,50,000. ஒரு ஃபோட்டான்கூட மிச்சமில்லை.

அப்படியானால் பயன் எங்கே? ஃபோட்டான் எண்ணிக்கையால் அல்லாமல் கருவியின் குறைகளால் துல்லியம் தடைபடும் இடங்களில். கேமரா நிறைந்துவிடும் என்றால் 10,000-இல் ஒரு பங்கு ஒளியிலேயே முழுத் தகவலும் கிடைப்பது பெரிய வசதி. 2008-இல் ஹோஸ்டனும் க்வியட்டும் ஒளியின் ஸ்பின் ஹால் விளைவை (தளவிளைவைப் பொறுத்துக் கற்றை நூலிழை அளவு பக்கவாட்டில் விலகுவது) இப்படித்தான் கண்டார்கள். அடுத்த ஆண்டு ரோச்செஸ்டர் குழு, கண்ணாடி ஒன்றின் 400 ஃபெம்டோரேடியன் சாய்வை அளந்தது. 2014-இல் இது புள்ளியியல்படி உகந்ததல்ல என்று ஃபெர்ரியும் கோம்ப்ஸும், கருவி இரைச்சலுக்கு எதிராக நன்மை உண்டு என்று ஜோர்டன் குழுவும் எழுதினார்கள். உங்கள் இரைச்சல் எந்த வகை என்று தெரிந்த பிறகே பக்கம் எடுங்கள்.

கேள்வி: இரட்டைப் பிளவுச் சோதனையில் ஃபோட்டான் போகும் பாதையைக் கனடாவில் பார்த்துவிட்டார்களாமே? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: சராசரிப் பாதைகளை. 2011-இல் டொரொன்டோவில் ஸ்டைன்பெர்க் குழு, தனித்தனி ஃபோட்டான்களின் உந்தத்தைக் கால்சைட் துண்டால் மென்மையாக அளந்து, பிறகு இடத்தை அளந்தது. ஒவ்வொரு இடத்திலும் கிடைத்த சராசரி உந்தத்தைக் கோர்த்து வரைந்த கோடுகள், துகளுக்குத் திட்டமான பாதை உண்டு என்னும் போம் கோட்பாடு சொல்லும் கோடுகளின் வடிவில் இருந்தன. எந்த ஒரு ஃபோட்டானையும் அவர்கள் பின்தொடரவில்லை. நிச்சயமின்மைக் கொள்கை பத்திரமாக இருக்கிறது.

கேள்வி: பின்னால் செய்யும் தேர்வு முன்னால் எடுத்த அளவை மாற்றுகிறது என்றால், எதிர்காலம் இறந்தகாலத்தைத் தொடுகிறதா? (வாசகி, சேலம்)

பதில்: அஹரொனோவ் தரப்பு அப்படி ஒரு மொழியில் பேசும். பெர்க்மன், லெபோவிட்ஸ் ஆகியோரோடு அவர் 1964-இல் எழுதியதிலிருந்து அது தொடங்குகிறது. ஆனால் மென் மதிப்பு முழுவதையும் வழக்கமான குவாண்டம் கணக்கே தந்துவிடுகிறது. தேர்வு பழைய வாசிப்புகளை மாற்றுவதில்லை; எதை எண்ணுவது என்பதைத்தான் மாற்றுகிறது. இதைக் கிண்டலடித்து, நாணயம் சுண்டியே 100 தலை வரவழைக்கலாம் என்று ஃபெர்ரியும் கோம்ப்ஸும் 2014-இல் காட்டினார்கள். ஆனால் அவர்கள் கணக்கில் அளவீடு நாணயத்தைக் கணிசமாகப் புரட்டிவிடுகிறது. அதே ஆண்டு மேத்யூ ப்யூசி, அளவீட்டின் குலைப்பு உண்மையிலேயே சிறிதாக இருந்தால், அளக்கும் முறையைச் சாராத முன்கூட்டிய மதிப்புகளைக் கொண்டு எல்லை மீறிய மென் மதிப்பை விளக்க முடியாது என்று நிறுவினார். நாணயத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை.