பாட்டு கேட்க இனியும் தனி பிளேயர் வேண்டுமா?

போன மாதம் இயர்போன் பற்றி எழுதியதன் விளைவு, இந்த மாதக் கடிதங்களில் பாதி மியூசிக் பிளேயர் பற்றியவை. எல்லாவற்றையும் சுருக்கியிருக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சார், கல்லூரியில் படிக்கிறேன். பகுதிநேர வேலையில் சேர்த்த 25,000 ரூபாயில் ஒரு சோனி வாக்மேன் டிஜிட்டல் பிளேயர் வாங்க ஆசை. போனைவிட நன்றாகக் கேட்குமா? என்னிடம் இருப்பது புளூடூத் இயர்பட்ஸ்.
– கோயம்புத்தூர் வாசகர்

அந்த இயர்பட்ஸில்தான் கேட்கப் போகிறீர்கள் என்றால் வாங்காதீர்கள், தம்பி. விலை கூடிய பிளேயரில் உங்கள் காசு போவது, டிஜிட்டல் கோப்பை ஒலியாக மாற்றும் சில்லுக்கும் அதைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும்தான். புளூடூத்தில் கேட்கும்போது இந்த இரண்டு வேலையையும் இயர்பட்ஸே செய்துவிடுகிறது. பிளேயரில் இருப்பவை சும்மா கிடக்கும்.

2016இல் ஐபோன் 7 ஹெட்போன் துளையைத் தூக்கியது. பார்த்துச் சிரித்த கம்பெனிகளும் பிறகு அதையே செய்தன. துளை இல்லாத போனுக்கு ஒரு டைப்-சி டாங்கிள் (சார்ஜ் துளையில் செருகி ஒயர் இயர்போனை மாட்டும் சின்ன இணைப்பான்) வாங்குங்கள், கூடவே ஒயர் வைத்த நல்ல இயர்போன் ஒன்று. இரண்டும் சேர்த்து ஐந்தாயிரத்துக்குள் முடியும். அதில் ஆறு மாதம் கேட்டுவிட்டு அப்புறமும் ஆசை இருந்தால் எழுதுங்கள்.

ஐபாட் மியூசிக் பிளேயரையே ஆப்பிள் நிறுத்திவிட்டது. இன்னும் தனி பிளேயர் வாங்குகிறவர்கள் யார்? பழைய நினைப்பில் இருப்பவர்களா?
– மதுரை வாசகர்

2001 அக்டோபரில் அறிமுகமான ஐபாட் 2022 மே மாதம் நின்றது. அதைத் தின்றது போன்தான், சந்தேகமில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: உங்கள் பாட்டெல்லாம் எங்கே இருக்கிறது?

ஆப்பில் கேட்கிறேன், டவுன்லோடும் செய்து வைத்திருக்கிறேன் என்பீர்கள். அந்த டவுன்லோட் என்ற பொத்தானைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இறங்குவது பூட்டுப் போட்ட கோப்பு. அந்த ஆப்புக்கு வெளியே அது பாடாது. ஸ்பாட்டிஃபையில் 30 நாளுக்கு ஒரு முறையாவது இணையத்தில் தலைகாட்டாவிட்டால் இறக்கி வைத்ததும் பாடாது. கட்டிய சந்தா தீர்ந்தால் அன்றோடு சரி. சந்தா கட்டிக்கொண்டே இருந்தாலும் உத்தரவாதம் கிடையாது. 2023இல் ஸ்பாட்டிஃபைக்கும் ஜீ மியூசிக்குக்கும் உரிம ஒப்பந்தம் முடிந்தபோது ஏராளமான இந்திப் பாடல்கள் ஒரே நாளில் காணாமல் போயின. 2024இல் ஏர்டெல் தன் விங்க் மியூசிக்கையே மூடியது. அதில் வருடக்கணக்காகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பட்டியல்கள் என்ன ஆயின என்று அவற்றைச் சேர்த்தவர்களைக் கேளுங்கள். மாதாமாதம் கொடுப்பது வாடகை. அதை வாடகை என்று தெரிந்து கொடுத்தால் தப்பில்லை, நானும் கொடுக்கிறேன். வாங்கிவிட்டதாக நினைத்துக் கொடுப்பதுதான் தப்பு, அப்படி நினைக்க வைப்பது அதைவிடத் தப்பு.

அதனால், தன் பாட்டைக் கோப்பாகவே வைத்திருப்பவருக்கு மட்டும்தான் பிளேயரால் பயன். வீட்டுப் பரணில் ஆடியோ சிடிகள் கிடந்தால் கணினியில் போட்டு ஃப்ளாக் கோப்பாக எடுத்து வையுங்கள். ஒலியில் ஒரு துளியும் குறையாது, இடம் மட்டும் ஏறத்தாழப் பாதியாகிவிடும். 128 ஜிபி கார்டு ஒன்றில் முந்நூறு சிடி அடங்கும். தனிப்பட இசை வெளியிடும் கலைஞர்கள் பலர் பேண்ட்கேம்ப் தளத்தில் பூட்டில்லாத கோப்பாகவே விற்கிறார்கள். அவர்களிடம் வாங்குங்கள்.

என் கதை ஒன்று. பாட்டு ஆப்புகளும் ஓடும் என்று நம்பி 18,000 ரூபாய்க்கு ஆண்ட்ராய்டு பிளேயர் ஒன்று வாங்கினேன். கம்பெனி அப்டேட்டை நிறுத்திவிட்டது. இரண்டே வருடத்தில் ஆப்புகள் புது ஆண்ட்ராய்டு கேட்டு அடம்பிடித்தன. இன்று அதில் ஓடுவது கார்டில் இருக்கும் என் கோப்புகள் மட்டும். அதற்கு அதில் பாதி விலைக்கு, ஆண்ட்ராய்டு இல்லாத பிளேயரே போதுமாக இருந்தது.

என்னிடமிருந்த எம்பி3 பாடல்களை எல்லாம் ‘ஹை குவாலிட்டி ஃப்ளாக்’ ஆக்கித் தருகிறேன் என்று ஒரு கடையில் 1,500 ரூபாய் வாங்கினார்கள். கோப்பு பெரிதாகிவிட்டது, பாட்டு அப்படியேதான் இருக்கிறது.
– திருச்சி வாசகி

அப்படியேதான் இருக்கும், அம்மா. எம்பி3 ஆக்கும்போதே ஒலியின் ஒரு பகுதியை வெட்டி எறிந்துவிடுவார்கள். எறிந்ததை எந்த மென்பொருளும் திரும்பக் கொண்டுவராது. இலவச மென்பொருளில் ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு உங்களிடம் காசு வாங்கியிருக்கிறார்கள். உங்கள் மேல் தவறில்லை, இது தெரிந்திருக்க வேண்டியவர் கடைக்காரர். பில் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். பழைய எம்பி3 கோப்புகளை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

நாற்பதாயிரம் கொடுத்து, சிடியைவிட நுணுக்கமான கோப்பைப் பாடும் ஹை-ரெஸ் பிளேயர் வாங்கினேன். நண்பருக்கு வித்தியாசம் தெரிகிறதாம். எனக்குத் தெரியவில்லை. காதில் குறையா?
– சேலம் வாசகர், வயது 51

காதில் குறையில்லை. மனிதக் காது கேட்பது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ், அதுவும் இளம் வயதில். 44.1 கிலோஹெர்ட்ஸ் சிடியே 22,000 வரை பதிவு செய்துவிடுகிறது. அதற்கு மேலே, ஹை-ரெஸ் என்று பெட்டியில் ஒட்டிய பொன்னிற வில்லை பெருமையடிக்கும் சங்கதியை வௌவால்தான் ரசிக்க வேண்டும். நண்பரின் கண்ணைக் கட்டிவிட்டு, ஒரே பாட்டின் ஹை-ரெஸ் கோப்பையும் சிடி கோப்பையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு 74 வயது. போனில் பாட்டுத் தேடத் தெரியவில்லை. விளம்பரத்தைத் தொட்டுவிட்டுப் பயப்படுகிறார். பாட்டுகள் ஏற்றியே வரும் ரேடியோ போன்ற கருவி வாங்கலாமா?
– தஞ்சாவூர் வாசகி

தாராளமாக. தனிக் கருவி யாருக்குத் தேவை என்று கேட்டால் நான் முதலில் சொல்வது உங்கள் அப்பாவைத்தான். திருகினால் பாட்டு மாற வேண்டும், அமுக்கினால் நிற்க வேண்டும், நடுவில் யாரும் கடன் வேண்டுமா என்று கேட்கக் கூடாது.

2017இல் சரிகம கொண்டுவந்த கார்வானுக்குத் தமிழ்ப் பதிப்பும் உண்டு. ஆனால் அதில் வருவது அவர்களிடம் உரிமை உள்ள பாடல்கள்தான். அப்பாவுக்குப் பிடித்தவை எவை என்று கேட்டு, பாட்டுப் பட்டியலோடு ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள். பென்டிரைவ் போடும் வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள். பட்டியலில் இல்லாததை நீங்களே ஏற்றித் தரலாம். அதே தோற்றத்தில் பாதி விலைக்கு வரும் நகல்களைத் தொடவே தொடாதீர்கள்.

ஆன்லைனில் 1 டிபி மெமரி கார்டு 699 ரூபாய்க்குக் கிடைத்தது. கொஞ்சம் பாட்டு ஏற்றியதும் பழைய பாட்டெல்லாம் திக்கித் திணறுகிறது. பிளேயரில் கோளாறா?
– நாகர்கோவில் வாசகர்

கோளாறு கார்டில். உள்ளே இருப்பது சில ஜிபிதான். 1 டிபி என்று பொய் சொல்லும்படி நிரலை மாற்றி வைத்திருப்பார்கள். இடம் தீர்ந்ததும் புதுப் பாட்டு பழையதன் மேலேயே ஏறும். ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளில் சோதித்து, முடிவைப் படம் எடுத்து, போலி என்று எழுதித் திருப்பி அனுப்புங்கள். இதே ரகத்தில் ஒன்று என் மேசை இழுப்பறையிலும் கிடக்கிறது, ரயில்வே ஸ்டேஷன் வாசலில் வாங்கியது. ஆனாலும் ஐயா, 1 டிபி 699க்கு வருமா என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

மகன் ஒன்பதாம் வகுப்பு. போன் கொடுக்க இஷ்டமில்லை, பாட்டு கேட்கக் கேட்கிறான்.
– ஈரோடு வாசகி

வைஃபை இல்லாத, பொத்தான் வைத்த, மலிவான பிளேயர். இரண்டாயிரத்தைத் தாண்டாதீர்கள். தொலைத்துவிடுவான்.

இன்ஸ்டாகிராமில் பழைய ஐபாட் கிளாசிக் விற்பவருக்கு ஜிபேயில் 9,000 அட்வான்ஸ் போட்டேன். மறுநாள் என்னை பிளாக் செய்துவிட்டார். நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா?
– சென்னை வாசகர்

முகம் தெரியாது, முகவரி தெரியாது, பில் கிடையாது, பணம் மட்டும் முன்னால்! மாதம் தவறாமல் எழுதுகிறேன், மாதம் தவறாமல் இந்தக் கடிதமும் வருகிறது.

நுகர்வோர் சட்டம் வியாபாரியிடம் வாங்கியதற்குத்தான். முகமே தெரியாதவர் மேல் அங்கே வழக்குப் போட முடியாது. இது சைபர் மோசடி. இதைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்காமல் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு அழையுங்கள். அவர் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றுவதற்குள் சொன்னால் வங்கியில் முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு. உங்கள் வங்கிக்கும் உடனே எழுதுங்கள்.

புது பிளேயரில் இடது பக்கம் பாட்டே வரவில்லை. நான்காம் நாளே கொண்டுபோனேன். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார் கடைக்காரர்.
– வேலூர் வாசகர்

அச்சடித்துவிட்டால் சட்டமாகிவிடாது. பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் திரும்ப வாங்கிப் பணம் தர வேண்டும். நிறம் பிடிக்கவில்லை என்று போனால் இது பொருந்தாது. உங்களுடையது பழுது, பொருந்தும்.

பேச்சை நிறுத்திவிட்டு எழுத்தில் கொடுங்கள். ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம், பில்லின் நகல், பழுதைக் காட்டும் வீடியோ. பதில் வராவிட்டால் 1915. அதுவும் பலிக்காவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. ஒரிஜினல் பில்லை மட்டும் கடைக்காரர் கையில் கொடுத்துவிடாதீர்கள்.