கப்பலுக்கு எரிபொருளாக வரும் அமோனியா காற்றைவிட இலேசானதுதானே, கசிந்தால் தானாக மேலே போய்விடாதா? அது எப்படிப் பரவும் என்று பார்க்க எதற்குக் கணினி உருவகப்படுத்தல்?

வாயுவாக இருந்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் எரிபொருள் தாங்கியில் இருப்பது திரவம். அழுத்தத்தில் அடைத்தோ, மைனஸ் 33 பாகைக்குக் குளிரவைத்தோ வைத்திருப்பார்கள். குழாய் உடைந்து பீறினால் நுண்துளிகளும் குளிர்ந்த காற்றும் சேர்ந்து கனத்த வெண்புகையாகித் தளத்தோடு ஊரும். சூடேறிய பிறகுதான் எழும்பும். உயிருக்கு ஆபத்து அதற்கு முந்திய நிமிடங்களில்தான். 300 பிபிஎம், அதாவது பத்து இலட்சம் பங்கு காற்றில் 300 பங்கு இருந்தாலே அந்த இடத்தை விட்டு உடனே ஓட வேண்டும்.

சின்ன வயதில் முகத்துவாரத்தில் இதைக் கண்ணால் கண்டேன். அப்பா வேலை செய்த ஐஸ் தொழிற்சாலையில் ஒரு வால்வு கசிந்தது. எல்லாரும் வாசலுக்கு ஓடினார்கள். அப்பா மட்டும் என் கையைப் பிடித்து, "காத்து வாற பக்கம் ஓடு தம்பி!" என்று பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனார். புகை வாசல் பக்கமாகத்தான் போனது.

பிறகு அமோனியாவைச் சரக்காக ஏற்றும் கப்பலில் வேலை செய்தபோதுதான், அப்பா சொன்னதைக் கடைப்பிடிப்பது அங்கே எவ்வளவு கடினம் என்று விளங்கியது. புகைபோக்கி, தங்குமிடக் கட்டடம் எல்லாம் காற்றை மறித்துச் சுழற்றிவிடும். மறைவான பக்கத்தில் வாயு சுழன்றபடி தேங்கி நிற்கும். பாதுகாப்பு என்று நினைத்து ஒதுங்கும் இடமே அதுவாக இருக்கலாம்.

உருவகப்படுத்தலில் கப்பலின் முப்பரிமாண வடிவத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரிப்பார்கள். துளையின் அளவு, அழுத்தம், காற்றின் வேகம், திசை எல்லாவற்றையும் மாற்றி மாற்றிக் கொடுத்து, மூக்கு உயரத்தில் எத்தனை பிபிஎம் வரும் என்று நொடிக்கு நொடி கணக்கிடுவார்கள். கொழும்புத் துறைமுகத்தில் எரிபொருள் ஏற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். தென்மேல் பருவக்காற்று பலமாக வீசும் மதியத்தில் புகை சீக்கிரம் கலைந்துவிடும். இலை அசையாத விடியற்காலையை நினைத்தால்தான் எனக்குப் பயம். அந்த நிலைமையையும் கட்டாயம் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

வெளியேற்றக் குழாயை எவ்வளவு உயர்த்துவது, தங்குமிடத்துக்குக் காற்று இழுக்கும் வாயை எங்கே வைப்பது, ஆட்கள் எங்கே கூடுவது என்பதையெல்லாம் இப்படிப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கூடும் இடம் ஒன்று மட்டும் இருக்கவே கூடாது. இரு பக்கமும் வேண்டும். அமோனியா எரிபொருளுக்கான இடைக்கால வழிகாட்டலைச் சர்வதேச கடல்சார் அமைப்பு 2024 டிசம்பரில் அங்கீகரித்துவிட்டது. இனி இந்தக் கப்பல்கள் கூடும். புகை எங்கே பரவும் என்று உருவகப்படுத்தல் காட்டும் படங்களை வடிவமைப்பாளர்களின் கோப்புக்குள் பூட்டி வைக்காமல், சமையல்காரரும் எண்ணெய் போடும் தம்பியும் தினம் பார்க்கிற சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டுங்கள்.